இலவம்பாடிக் கத்தரியும் புவிசார் குறியீட்டின் வரவு செலவும்

2023 பிப்ரவரியில் வேலூர் முள்ளு கத்தரிக்காய்க்கும் ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கும் ஒரே சமயத்தில் புவிசார் குறியீடு, அதாவது ஓர் ஊரின் பெயரை அங்கே விளைகிற பொருளுக்கே உரியதாக்கும் பதிவு, கிடைத்தது. இனி விவசாயிக்கு நல்ல விலை கிடைக்கும் என்று எல்லாரும் சொன்னார்கள். மேடையில் சொன்னார்கள், வாட்ஸ்அப்பிலும் பகிர்ந்தார்கள். சொன்னதில் தப்பில்லை. ஆனால் குறியீட்டுக்கும் விலைக்கும் நடுவில் மண்டி இருக்கிறது, லாரி இருக்கிறது, தரம் பிரிக்கும் கூலி இருக்கிறது, காயின் பெயரே தெரியாத ஊர்களும் இருக்கின்றன. அதையெல்லாம் தாண்டிப் போனால்தான் பணம் அந்தக் கத்தரி விளைகிற இலவம்பாடி வரைக்கும் வரும். அந்த வழியைத்தான் இங்கே கொஞ்சம் நடந்து பார்க்கிறேன்.

முதலில் காயைப் பற்றி. வேலூர் மாவட்டம் அணைக்கட்டுப் பக்கம் இருக்கிறது இலவம்பாடி. அங்கேயும் சுற்று வட்டாரத்திலும் தலைமுறையாகப் பயிர் செய்கிற கத்தரிதான் இந்த வேலூர் முள்ளு கத்தரி. தண்டு, இலை, இலைக்காம்பு, காயின் தொப்பி எல்லாவற்றிலும் முள். காய் ஊதாவும் இளஞ்சிவப்பும் கலந்து பளபளவென்று இருக்கும். எண்ணெயில் வதக்கினால் குழைந்து போகும், கசக்காது. விரிஞ்சிபுரத்தில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இந்த உள்ளூர்க் கத்தரியிலிருந்தே தேர்வு செய்து வி.ஆர்.எம். 1 என்ற ரகத்தை வெளியிட்டிருக்கிறது. ஆக, குறியீடு வருவதற்கு முன்பே அரசாங்கமும் இதன் அருமையைக் கவனித்திருக்கிறது.

பறிக்கிறவர்களுக்கு இந்தக் காய் அவ்வளவு இனிமையானதல்ல. சாதாரணக் கத்தரியைக் காம்போடு திருகி வேகமாகக் கூடையில் போட்டுக்கொண்டே போகலாம். இதில் அது நடக்காது. இலையை விலக்கும்போது புறங்கையில் கீறும், காம்பைப் பிடிக்கும்போது விரல் நுனியில் ஏறும். பழகிய பெண்கள் காயின் அடிப்பக்கத்தை உள்ளங்கையில் தாங்கி, தொப்பியைத் தொடாமல் காம்பை ஒடிப்பார்கள். அப்படியும் மாலையில் வீட்டுக்குப் போய் விரலில் முள் தேடும் வேலை ஒன்று மிச்சம் இருக்கும். காய்ப்புப் பருவத்தில் வாரத்துக்கு இரண்டு முறையாவது இந்தப் பறிப்பு நடந்தாக வேண்டும். பறிப்புக் கூலியைப் பற்றிப் பின்னால் பேசும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதே முள்தான் வேலூர்ச் சந்தையில் இந்தக் காய்க்கு அடையாள அட்டை. வாங்க வருகிற அம்மா காயைத் தூக்கித் தொப்பியில் ஒரு விரலை வைத்து அழுத்திப் பார்ப்பார். முள் விறைப்பாகக் குத்தினால் காய் இன்று காலை பறித்தது, துவண்டிருந்தால் நேற்றையது. "இலவம்பாடிக் காயாண்ணா?" என்று ஒரு கேள்வி, "பாருக்கா, முள்ளைப் பாரு" என்று ஒரு பதில். அவ்வளவுதான் தரச் சான்றிதழ். வேலூர்க்காரர்களுக்கு இந்தக் காய் தெரியும், தெரிந்தே இரண்டு மூன்று ரூபாய் கூடக் கொடுத்து வாங்குகிறார்கள். புவிசார் குறியீடு இல்லாத காலத்திலும் அப்படித்தான்.

என் பார்வையில் இந்த விஷயத்தின் முடிச்சே இங்கேதான் இருக்கிறது. காயைப் பார்த்ததும் அடையாளம் தெரிகிறவருக்குக் குறியீடு தேவையில்லை. பார்த்தால் அடையாளம் தெரியாத, ஆனால் நல்ல காய்க்குக் கூடுதலாகக் கொடுக்கத் தயாராக இருக்கிற ஒருவருக்குத்தான் அது தேவை. அவர் சென்னையிலோ பெங்களூரிலோ இருக்கிறார். நம் முள்ளு கத்தரி அவரிடம் போய்ச் சேரும்போது அதன் பெயர் கூடவே போகிறதா என்பதில்தான் வருமானம் இருக்கிறது.

சட்டம் என்ன தருகிறது

உலக வர்த்தக அமைப்பில் இந்தியா சேர்ந்தபோது ஊர்ப்பெயர் கொண்ட பொருள்களுக்குப் பாதுகாப்பு தர வேண்டிய கட்டாயம் வந்தது. 1997இல் அமெரிக்காவின் ரைஸ்டெக் நிறுவனம் பாசுமதி அரிசி ரகங்களுக்குக் காப்புரிமை வாங்கிய விவகாரம் இங்கே பெரிய பரபரப்பைக் கிளப்பியது. 1999இல் புவிசார் குறியீட்டுச் சட்டம் நிறைவேறி, 2003 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. இதற்கான பதிவகம் சென்னை கிண்டியில்தான் இருக்கிறது. நாட்டின் எந்த மூலைப் பொருளாக இருந்தாலும் கோப்பு இங்கே வந்தாக வேண்டும். முதலில் பதிவானது டார்ஜிலிங் தேயிலை.

சட்டம் தருவது பெயருக்கான உரிமை. குறிப்பிட்ட எல்லைக்குள், குறிப்பிட்ட தன்மையோடு விளைந்த காயைத்தான் அந்தப் பெயரில் விற்கலாம். மற்றவர் அந்தப் பெயரைப் போட்டு விற்றால் வழக்குப் போடலாம், சிறைத் தண்டனை வரைக்கும் போகலாம். பதிவு பத்து ஆண்டுகளுக்குச் செல்லும், பிறகு புதுப்பித்துக்கொள்ளலாம். வணிகச் சின்னத்தைப் போல இந்தப் பெயரை யாருக்கும் விற்கவும் முடியாது, அடகு வைக்கவும் முடியாது. ஊரின் பொதுச்சொத்து மாதிரி. இது நல்ல ஏற்பாடு. நாளைக்கு ஒரு பெரிய கம்பெனி வந்து இலவம்பாடிப் பெயரை விலைக்கு வாங்கிக்கொண்டு போய்விட முடியாது.

சட்டம் தராததையும் சொல்லிவிட வேண்டும். ஆதார விலை தராது. கொள்முதல் நிலையம் திறக்காது. விதையைக் கட்டிப் போடாது. இதே விதையைக் கொண்டுபோய்க் கிருஷ்ணகிரியில் விதைத்து, காயை 'முள்ளு கத்தரி' என்று மட்டும் சொல்லி விற்றால், வேலூர் என்ற பெயரைத் தொடாத வரையில் தடுப்பது கஷ்டம். ரகத்தைக் காப்பதற்கு 2001ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம் தனியாக இருக்கிறது. இரண்டும் வேறு வேறு வேலை செய்கிற சட்டங்கள், இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறவர்கள் அதிகம்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. பதிவேட்டில் இரண்டு பகுதிகள் உண்டு. முதல் பகுதியில் பொருளின் பெயரும், விண்ணப்பித்த சங்கமோ நிறுவனமோ அதன் பெயரும் இருக்கும். இரண்டாம் பகுதியில், அந்தப் பெயரைப் பயன்படுத்த அங்கீகாரம் பெற்ற உற்பத்தியாளர்களின் பெயர்கள் இருக்கும். இலவம்பாடியில் கத்தரி பயிர் செய்கிற ஒருவர், இரண்டாம் பகுதியில் தன் பெயர் ஏறாத வரையில், சொந்தக் காயின் மேலேயே குறியீட்டு முத்திரையை முறைப்படி ஒட்ட முடியாது. இந்தப் பயனாளர் பதிவுக்கு முன்பு 500 ரூபாய் கட்டணம் இருந்தது, 2020இல் விதியைத் திருத்தி அதை 10 ரூபாயாக்கிவிட்டார்கள். ஆகவே பணம் இப்போது தடையில்லை. படிவத்தை யார் நிரப்புவது, எந்தப் பத்திரத்தை இணைப்பது, எதற்காக இதைச் செய்ய வேண்டும் என்பவைதான் தடை. நாடு முழுக்கவே குறியீடு பெற்ற பொருள்கள் நூற்றுக்கணக்கில் ஏறிக்கொண்டே போகின்றன, இரண்டாம் பகுதியில் பெயர் சேர்வது அந்த வேகத்தில் நடக்கவில்லை. ஒரு பொருளுக்குக் குறியீடு வாங்கினால் செய்தித்தாளில் படம் வரும். விவசாயிகளின் பெயர்களை இரண்டாம் பகுதியில் ஏற்றினால் எந்தச் செய்தியும் வராது. காரணம் அதுவாகவும் இருக்கலாம்.

குத்தகைக்கு நிலம் எடுத்துக் கத்தரி போடுகிறவர் நிலை இன்னும் சிக்கல். குத்தகை பெரும்பாலும் வாய்ப்பேச்சுதான். பட்டா நில உரிமையாளர் பெயரில், அடங்கலில் இவர் பெயர் இருக்காது. அலுவலகத்தில் போய் நின்றால் முதலில் கேட்பது சிட்டா, அடங்கல். முள் குத்திக்கொண்டு விளைவித்தவர் ஒருவர், பெயருக்கு உரிமையாளர் இன்னொருவர் என்று ஆகிவிட வாய்ப்பு இருக்கிறது. குறியீட்டால் வருமானம் கூடும் என்று சொல்லும்போது யாருடைய வருமானம் என்று ஒரு தரம் கேட்டுக்கொள்வது நல்லது.

மண்டிக் கணக்கு

கத்தரிக்காய் முற்றினால் கடைத்தெருவுக்கு வந்துதானே ஆக வேண்டும் என்று ஒரு பழமொழி சொல்வோம். ஏதோ ரகசியம் எப்படியும் வெளியே வரும் என்ற பொருளில் சொல்வது அது. விவசாயி வாயில் அது அப்படியே நேர்ப்பொருளில் வரும். நெல்லைக் குதிரில் வைக்கலாம், மிளகாயைக் காய வைத்து மூட்டை கட்டலாம். கத்தரியைச் செடியில் இரண்டு நாள் கூட விட்டால் முற்றி விதை வைத்துவிடும், பறித்து இரண்டு நாள் வைத்தால் வாடிவிடும். விலை சரியில்லை என்றால் "போங்கய்யா, எனக்கு விற்க இஷ்டமில்லை" என்று சொல்ல முடியாத பயிர். அப்படிச் சொல்ல முடியாதவனுக்கு எந்த முத்திரையும் பேரம் பேசும் பலத்தைத் தானாகத் தந்துவிடாது.

நேதாஜி மார்க்கெட் மாதிரியான மொத்தச் சந்தைக்கு விடிவதற்கு முன்பே காய் வந்துவிடும். மூட்டையை அவிழ்த்துக் கொஞ்சம் எடுத்துப் பார்ப்பார்கள். சொத்தை எவ்வளவு, காய் சிறுத்திருக்கிறதா, ஈரம் கட்டியிருக்கிறதா என்று பார்த்து விலை சொல்வார்கள். வரத்து அதிகமான நாளில் அந்தப் பார்வைகூட இருக்காது. காய் கொண்டு வந்தவருக்கு மண்டிக்காரர் முன்பணம் கொடுத்திருந்தால், வேறு மண்டிக்கு மூட்டையைத் தூக்கிக்கொண்டு போகவும் முடியாது. அங்கிருந்து சென்னைக்குப் போகிற லாரியில் இலவம்பாடிக் காய், அடுத்த ஊர்க் காய், கிருஷ்ணகிரிப் பக்கத்துக் காய் எல்லாமே கத்தரிக்காய் என்ற ஒரே தலைப்பில் ஏறும். கோயம்பேட்டில் இறங்கும்போது மூட்டையைப் பார்த்து ஊர் சொல்ல ஆளில்லை. வேலூரிலிருந்து சுமார் 140 கிலோமீட்டரில் பெயர் கரைந்து போய்விடுகிறது.

சரி, பெயரோடு அனுப்புகிறோம் என்றே வைத்துக்கொள்வோம். அப்போது கணக்கு எப்படி இருக்கும்? இது ஒரு பேச்சுக்குப் போடுகிற கணக்கு, எந்த நாளின் விலைப் பட்டியலும் இல்லை. ஒருவர் 100 கிலோ கொண்டு வருகிறார். பிரிக்காமல் மண்டியில் போட்டால் கிலோவுக்கு 28 ரூபாய், மொத்தம் 2,800. இப்போது முத்திரை ஒட்டி விற்கிற கடைக்காரர் 31 ரூபாய் தருகிறேன் என்கிறார், ஆனால் நல்ல காய் மட்டும் வேண்டும் என்கிறார். பிரித்தால் 70 கிலோ தேறுகிறது. அதற்கு 2,170. மிச்சம் 30 கிலோ மண்டிக்குப் போகிறது. நல்ல காயெல்லாம் எடுத்த பிறகு மிஞ்சிய மூட்டைக்கு மண்டியில் 28 கிடைக்குமா? 22 என்கிறார்கள். அது 660. கூட்டினால் 2,830. ஆக லாபம் 30 ரூபாய். உட்கார்ந்து பிரித்த ஆளுக்குக் கூலி, அட்டைப் பெட்டி, முத்திரைக் காகிதம் எல்லாம் இந்த 30 ரூபாய்க்குள் அடங்க வேண்டும். அடங்காது.

கடைக்காரர் 31க்குப் பதிலாக 36 கொடுத்தால் கதை மாறும். 70 கிலோவுக்கு 2,520, மிச்சத்துக்கு 660, மொத்தம் 3,180. நூறு கிலோவுக்கு 380 ரூபாய் கூடுதல். பிரிப்புக் கூலியும் பெட்டியும் போக மிச்சம் நிற்கும். அதோடு இன்னொன்றையும் பார்க்க வேண்டும். மண்டி விலை 28 என்றால் அதில் நூற்றுக்குப் பத்து கமிஷன், வண்டி வாடகை, மூட்டை, இறக்குக் கூலி, பறிப்புக் கூலி எல்லாம் போய்க் கையில் நிற்பது 17 ரூபாய் என்று வையுங்கள். அந்த 17இல் நாற்று, எரு, தண்டு காய் துளைக்கும் புழுவுக்கு அடிக்கிற மருந்து எல்லாம் கழிய வேண்டும். அப்படிப்பட்ட இடத்தில் கிலோவுக்கு மூன்றோ நான்கோ ரூபாய் கூடினால் அது சின்னத் தொகை இல்லை. வாங்குகிறவர் கண்ணுக்குப் படாத மூன்று ரூபாய், விளைவிக்கிறவரின் நிகர வரவில் ஆறில் ஒரு பங்கு. அதனால் குறியீட்டால் ஒரு பிரயோஜனமும் இல்லை என்று ஒரேயடியாகத் தள்ளிவிடவும் நான் தயாரில்லை. கூடுதல் விலை மிஞ்சுமா என்பதைத் தீர்மானிப்பது, பிரிக்கிற வேலை எங்கே நடக்கிறது, பிரித்த பிறகு மிஞ்சும் காய்க்கு என்ன வழி என்ற இரண்டும்தான். ஊரிலேயே பிரித்தால் அந்தக் கூலியாவது ஊரில் தங்கும். சென்னைக் கிடங்கில் பிரித்தால் கூலியும் அங்கே, கூடுதல் விலையும் அங்கே.

மற்ற பொருள்களின் அனுபவம்

முண்டு மிளகாயை ஏன் முதலிலேயே சொன்னேன் என்றால், ஒரே மாதத்தில் குறியீடு பெற்ற இரண்டு பயிரும் எதிரெதிர்க் குணம் கொண்டவை. மிளகாயைக் காய வைக்கலாம், குளிர்பதனக் கிடங்கில் அடைக்கலாம், விலை ஏறும்வரை காத்திருக்கலாம், கப்பலேற்றலாம். பொட்டலத்தில் முத்திரை ஒட்டினால் ஒரு வருஷம் அப்படியே நிற்கும். கத்தரிக்காயின் தொப்பியில் எதை ஒட்டுவது? குறியீட்டால் பயனடைய ஏற்ற பயிர் எது என்று கேட்டால், சேமிக்கக்கூடியது, பொட்டலம் போடக்கூடியது, தூர தேசத்தில் பெயர் சொல்லிக் கேட்கப்படுவது என்பேன். கத்தரி இந்த மூன்றிலும் தேறாது.

மதுரை மல்லியைப் பாருங்கள். 2013இல் குறியீடு வாங்கியது, தமிழ்நாட்டில் அதைவிடப் பிரபலமான விளைபொருள் சொல்வது கடினம். ஆனால் மல்லிகை விலை இன்றும் முகூர்த்தத்துக்கு ஏறி, வரத்து கூடினால் சரிந்து, சென்ட் ஆலை கேட்கிற விலையில் போய் நிற்கிறது. குறியீட்டுக்கு முன்னும் அதே ஊசலாட்டம், பின்னும் அதே. ஈரோட்டு மஞ்சளுக்கு 2019இல் குறியீடு. மஞ்சள் விலையை நிர்ணயிப்பது அந்த வருஷம் தெலங்கானாவிலும் மகாராஷ்டிராவிலும் எவ்வளவு விதைத்தார்கள் என்பதும், பழைய இருப்பு எவ்வளவு என்பதும்தான். பெயர் ஈரோடு, விலை நாட்டுக்கே பொது.

டார்ஜிலிங் கதை இன்னும் கசப்பு. உலகம் முழுக்கத் தெரிந்த பெயர், தேயிலை வாரியமே காவலாக நிற்கிற பெயர். விளைவதைவிடப் பல மடங்கு தேயிலை அந்தப் பெயரில் விற்கிறது என்பது பல ஆண்டுப் புகார், நேபாளத் தேயிலை கலக்கிறது என்பது அண்மைக் காலத்துப் புகார். அதைவிட எனக்கு உறைப்பது வேறு. மலையில் டார்ஜிலிங் தேயிலை கிள்ளுகிற பெண்ணுக்கும், கீழே தூவார்ஸ் சமவெளியில் சாதாரணத் தேயிலை கிள்ளுகிற பெண்ணுக்கும் ஒரே தினக்கூலிதான் நிர்ணயம். இலைக்குக் குறியீடு உண்டு, கூலிக்கு இல்லை. இலவம்பாடியில் பெரும்பாலும் சிறு விவசாயிகள், தோட்ட முதலாளி கிடையாது. அந்த வகையில் நம் நிலைமை மேல். ஆனால் பறிக்க வருகிற கூலிப் பெண்களுக்கு இங்கும் அதே கேள்வி பொருந்தும்.

வெற்றி பெற்ற உதாரணம் வேண்டும் என்றால் கொங்கண் அல்போன்சா மாம்பழம். அதுவும் அழுகுகிற பொருள்தான், கர்நாடகத்துப் பழத்தை அல்போன்சா என்று சொல்லி விற்கிற தொல்லை அதற்கும் உண்டு. ஆனால் மும்பைக்காரர் பெயர் சொல்லித்தான் கேட்கிறார், பெட்டி பெட்டியாக வாங்குகிறார், கொங்கணில் உள்ள தேவ்கட் விவசாயிகள் பலர் தரகர் இல்லாமல் வீட்டுக்கே அனுப்புகிறார்கள். பழத்துக்குப் பழம் தனி எண் கொண்ட ஸ்டிக்கர் ஒட்டுகிற முறையை அவர்களுடைய கூட்டுறவுச் சங்கம் கொண்டு வந்திருக்கிறது. ஒரு பழம் சில பத்து ரூபாய்க்கு விற்பதால் ஒரு ஸ்டிக்கரின் செலவு தாங்கும். கத்தரிக்காய்க்குத் தாங்காது, கூடைக்கு ஒன்று என்றால் தாங்கலாம்.

ஐரோப்பாவில் குறியீடு பெற்ற பொருள்கள், அதே வகைச் சாதாரணப் பொருளைவிடச் சராசரியாக இரண்டு மடங்குக்கு மேல் விலை போகின்றன என்று ஐரோப்பிய ஆணையத்துக்காகச் செய்த ஆய்வு சொன்னது. 2.23 மடங்கு என்ற அந்த எண்ணை இங்கே மேடைகளில் அடிக்கடி எடுத்து வீசுவார்கள். அந்தச் சராசரியைத் தூக்கிப் பிடிப்பது பெரும்பாலும் ஒயினும் மதுவகைகளும், அடுத்து பாலாடைக்கட்டி. நீண்ட நாள் கெடாத பொருள்கள். அங்கே பல பத்தாண்டுகளாகச் சோதனை ஆள் வைத்து, தரம் தவறினால் முத்திரையைப் பறிக்கிறார்கள். நம் விண்ணப்பத்தில் சோதனைக் குழு பற்றிய பத்தியும் உண்டு. பல பொருள்களில் அந்தக் குழு காகிதத்தோடு நின்றுவிடுகிறது. போலியைப் பிடிக்கிற செலவை யார் ஏற்பது என்று அதிகம் பேசுவதில்லை. சட்டத்தில் சிறை உண்டு, சரி. ஆனால் ஆயிரம் ரூபாய் கத்தரிக்காய்க்காக எந்த விவசாயி கோர்ட்டுக்குப் போவார்?

நம் வட ஆற்காட்டிலேயே பாடம் உண்டு. ஆரணிப் பட்டு எப்போதோ குறியீடு வாங்கிவிட்டது. செய்யாறு பக்கத்து ஜடேரி நாமக்கட்டி 2023 ஜூலையில் வாங்கியது. நாமக்கட்டி கெடாது, கோயில் கோயிலாகப் போகும், ஆண்டு முழுக்கத் தேவை உண்டு. குறியீட்டுக்கு வெகு பொருத்தமான சரக்கு. ஆனால் விற்கிற கடையில் பெட்டியின் மேல் ஜடேரி என்று எழுதியிருக்கிறதா என்று அடுத்த முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

பெயர் கேட்கிற வாடிக்கையாளர் எங்கே

இத்தனையும் சொல்லிவிட்டு, சென்னை சூப்பர்மார்க்கெட்டையும் ஏற்றுமதியையும் நோக்கியே இந்தக் குறியீட்டைத் தள்ளுவது சரியான வழியா என்பதில் எனக்குச் சந்தேகம். பெயரையும் காயையும் பிரிக்காமல் கொண்டுபோகக்கூடிய வாடிக்கையாளர் பக்கத்திலேயே இருக்கிறார். அவர் பிரியாணிக் கடைக்காரர்.

ஆம்பூர், வாணியம்பாடி, வேலூர், ஆற்காடு என்று இந்த நெடுஞ்சாலை முழுக்கப் பிரியாணி. ஆம்பூர்ப் பிரியாணித் தட்டில் வெங்காயப் பச்சடிக்குப் பக்கத்தில் கத்தரிக்காய்த் தொக்கு இல்லாமல் இருக்காது. சீரகச் சம்பாவைப் பற்றி, கறியைப் பற்றி, விறகடுப்பைப் பற்றிக் கடைப்பலகையில் எழுதுகிறார்கள். கத்தரிக்காயைப் பற்றி ஒரு வரி எழுதினால் என்ன? சென்னைக்கும் பெங்களூருக்கும் நடுவில் காரை நிறுத்திச் சாப்பிடுகிற ஆயிரக்கணக்கான பேருக்கு, இலவம்பாடி என்ற பெயர் நாக்கு வழியாகத் தெரிய வரும். அதைவிட மலிவான விளம்பரம் இல்லை. அடுத்த மாதம் கோயம்பேட்டுப் பக்கம் "முள்ளு கத்தரி இருக்கா" என்று அவர்களில் யாராவது கேட்டால்தான் அந்தப் பெயருக்கு விலை.

கடைக்குத் தினமும் காய் வேண்டும், விலை ஏறினாலும் வேண்டும், இறங்கினாலும் வேண்டும். விவசாயிகளே பங்குதாரர்களாகச் சேர்ந்து நடத்துகிற உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் ஒன்று பத்துக் கடைகளோடு பேசி, பருவம் முழுக்க இன்ன விலைக்குக் கீழே போகாது, இன்ன விலைக்கு மேலே கேட்கமாட்டோம் என்று ஒரு கட்டு போட்டுக்கொண்டால், விவசாயிக்கு வருகிற நன்மை கிலோவுக்கு மூன்று ரூபாய் கூடுதல் என்பதைவிடப் பெரிது. கத்தரி விவசாயியைக் கவிழ்ப்பது சராசரி விலை குறைவு என்பதைவிட, வாரத்துக்கு வாரம் ஆடுகிற விலைதான். ஒரு பறிப்பில் மூட்டைக்கு நல்ல காசு, அடுத்த பறிப்பில் பறிப்புக் கூலிக்குக்கூடக் கட்டாமல் செடியிலேயே விட்டுவிடுகிற நிலை. விலை மேலே போகாவிட்டாலும் பரவாயில்லை, கீழே விழாமல் இருந்தால் கடன் வாங்காமல் பருவத்தை ஓட்டிவிடலாம்.

இதிலும் தகராறுகள் வரும், தெரிந்தே சொல்கிறேன். சந்தையில் விலை ஏறிய வாரத்தில் விவசாயி காயை மண்டிக்குத் திருப்பிவிடுவார். சரிந்த வாரத்தில் கடைக்காரர் "இன்னைக்கு வேணாம் தம்பி" என்பார். இரண்டையும் தாங்குகிற ஓர் அமைப்பு நடுவில் வேண்டும், அதற்குக் கையில் கொஞ்சம் சுழல்நிதியும், கணக்கு எழுத ஒரு ஆளும் வேண்டும். 2021 முதல் தமிழ்நாடு அரசு தனி வேளாண் பட்ஜெட் போடுகிறது, புதிதாக எந்தெந்தப் பொருள்களுக்குக் குறியீடு வாங்குவது என்ற பட்டியலும் அதில் வருகிறது. புதிய பெயர்களைச் சேர்ப்பதற்கு ஒதுக்குகிற பணத்தில் ஒரு பங்கை, ஏற்கெனவே வாங்கிய பெயர்களின் கீழ் விவசாயிகளைப் பதிவு செய்வதற்கும், பிரிப்புக் கொட்டகைக்கும், இந்தச் சுழல்நிதிக்கும் மாற்றினால் பணம் வீண் போகாது.

மிஞ்சும் முப்பது கிலோவுக்கும் இங்கே ஒரு வழி இருக்கிறது. சூப்பர்மார்க்கெட் தட்டில் அழகாக அடுக்க முடியாத, கொஞ்சம் கோணலான, அளவு பொருந்தாத காயைத் தொக்குக்காரர் தயங்காமல் வாங்குவார். எப்படியும் நறுக்கி எண்ணெயில் போடப் போகிறார். அவர் ஒதுக்குவது சொத்தையையும், விதை வைத்த முற்றலையும்தான். முன்னே போட்ட கணக்கில் அந்த 30 கிலோ 22 ரூபாய்க்குப் பதில் 28க்கே போனால் 180 ரூபாய் கூடுகிறது. கடைக்காரர் தருவதாகச் சொன்ன 31 ரூபாயை வைத்தே பார்த்தாலும், 30 ரூபாய் லாபம் 210 ஆகிவிடும்.